சாயம் தங்கும் இடம்

(சேலத்தில் பொதுமக்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

முதலில் அந்த டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். இந்த டம்ளரில் இருப்பது ஏற்காட்டுக் காப்பி இலையைக் கசக்கி, காயம் துடைக்கிற ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டிய சாறு. பச்சையாக இருந்தது அல்லவா? கள்ளநோட்டு பார்க்கிற ஊதா டார்ச்சை இப்போது அதன்மேல் அடிக்கிறேன். சாறு சிவப்பாக ஒளிர்கிறது, பாருங்கள். பச்சையம் ஊதா ஒளியை வாங்கி, கொஞ்சம் ஆற்றலை உள்ளேயே விட்டுவிட்டு, மீதியைச் சிவப்பாகத் திருப்பித் தருகிறது. புற்றுக்கட்டி எங்கே இருக்கிறது, எங்கே பரவுகிறது என்று ஆபரேஷனில் பார்க்க சர்ஜன்கள் இதே வித்தையைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

செடிக்குள் இந்தப் பச்சையம் உருவாகும் வழியில் புரோட்டோபார்ஃபிரின் என்ற பொருள் வருகிறது. நம் ரத்தத்தின் சிவப்பும் அதே பொருளிலிருந்துதான் உருவாகிறது. வேகமாக வளரும் மூளைக்கட்டியின் செல்களில் அது தேங்கிவிடும். அதனால் அமினோலெவுலினிக் அமிலம் என்ற மூலப்பொருளைத் தண்ணீரில் கரைத்து, மயக்க மருந்துக்கு ஏறக்குறைய 3 மணி நேரம் முன்பு குடிக்கத் தருகிறார்கள். அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 1,200 மில்லிகிராம். நீல ஒளியில் பார்த்தால் கட்டியின் நடுப்பகுதி நல்ல சிவப்பு, ஓரம் இளஞ்சிவப்பு. ஜெர்மனியில் நடந்து 2006-ல் வெளியான ஆய்வில், ஸ்கேனில் தெரிந்த கட்டி முழுவதும் அகற்றப்பட்டவர்கள் சாதாரண வெளிச்சத்தில் 100-க்கு 36 பேர், இந்த முறையில் 65 பேர். ஆனால் இந்த மருந்து குடித்தவர் 2 நாளைக்கு வெயில் படாமல் இருக்க வேண்டும். சேலத்து மே மாதத்தில் ஜன்னலோரக் கட்டில் தரக்கூடாது.

இது கட்டியின் செல்லே தயாரிக்கிற ஒளிரும் பொருள். பலரும் கேள்விப்பட்டிருக்கிற ஐ.சி.ஜி., அதாவது இண்டோசயனின் கிரீன் என்ற சாயம், அப்படி அல்ல. அதற்குப் புற்றுநோயை அடையாளம் தெரியாது. எங்கே தேங்குகிறதோ அங்கே ஒளிரும், அவ்வளவுதான். ஏன் தேங்கியது என்று கண்டுபிடிப்பது சர்ஜனின் வேலை.

மார்பகப் புற்று ஆபரேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். நோய் அக்குளுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க, மார்பகத்திலிருந்து வடியும் நிணநீர் முதலாவதாகப் போய்ச் சேரும் முடிச்சைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஐ.சி.ஜி. சாயத்தின் 25 மில்லிகிராம் குப்பியை 10 மில்லி ஊசித் தண்ணீரில் கரைக்க வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் சலைன் பாட்டில் இருக்கும், அவசரத்தில் அதை ஊற்றிவிடுவார்கள். சலைனில் உள்ள உப்பு பட்டால் சாயம் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். கரைத்ததை 6 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும், மிச்சத்தை நாளைக்கு என்று எடுத்துவைக்கக் கூடாது. சாயத்தில் அயோடைடு உண்டு, ஆகவே அயோடின் ஒவ்வாமை இருக்கிறதா என்று முன்னாலேயே கேட்டுவிட வேண்டும்.

காம்பைச் சுற்றியுள்ள கருவளைய ஓரத்தில், தோலுக்குள் 1, 2 மில்லி போட்டு, சில நிமிடம் தேய்த்துவிடுவார்கள். ஆபரேஷன் விளக்கைத் திருப்பிவிட வேண்டும், அதிலேயே அகச்சிவப்பு கலந்திருக்கும். கேமரா சுமார் 800 நானோமீட்டர் ஒளியை அனுப்பி, அதைவிடச் சற்று நீண்ட அலையைத் திரும்ப வாங்குகிறது. வெறும் கண்ணுக்கு எதுவும் தெரியாது. திரையில் மட்டும், தோலுக்கு அடியில் ஒரு கோடு அக்குளை நோக்கி ஊர்ந்து போகும். அதைப் பச்சையாகக் காட்டுவது கேமரா போடுகிற வேஷம்தான்.

கோடு அக்குளருகே மங்கி மறையும் இடத்தை ஒட்டிக் கீறுவார்கள். சாயம் ஓடுகிற அந்தக் குழாயைக் கட்டாமல் அறுத்துவிட்டால் தொலைந்தது. சாயம் கொட்டி, கொழுப்பு, பஞ்சு, கையுறை எல்லாமே ஒளிரும். கழுவினாலும் திசுவில் ஊறியது போகாது. ஊசி போட்டவர் கையுறையை மாற்றாமல் வந்து நின்றாலும் இதே கதைதான்.

கல்லீரலில் கணக்கு வேறு. சாயத்தைக் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் வீதம் நரம்பில் போட்டு, சில நாள் கழித்துத்தான் ஆபரேஷன். நல்ல கல்லீரல் அதைப் பித்தத்தில் தள்ளிவிடும். கல்லீரலிலேயே தோன்றிய புற்றில் வெளியே போக வழியில்லாமல் சாயம் தேங்கும், பல நேரம் கட்டி முழுவதும் ஒளிரும். குடலிலிருந்து பரவிய கட்டி சாயத்தை வாங்காது. அது நெருக்குகிற சுற்றுப்புறக் கல்லீரல் மோதிரம் போல ஒளிரும். முந்தின நாள் ஊசி போட்டிருந்தால் கல்லீரல் மொத்தமும் ஒளிரும், கட்டி அதில் கரைந்துவிடும். சிரோசிஸ் வந்து தழும்பேறிய கல்லீரலில் புற்றல்லாத சாதாரணக் கட்டியும் ஒளிரும். ஆகவே சந்தேகம் வந்தால் துண்டெடுத்து உறையவைத்து நுண்ணோக்கியில் பார்த்துத்தான் ஆக வேண்டும். சாயம் நரம்பில் ஏறும்போது விரலில் மாட்டிய ஆக்சிஜன் கருவி சற்று நேரம் எண்ணைக் குறைத்துக் காட்டும், மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போடுவது நல்லது.

முன்வரிசை அம்மா கேட்டார்: “வெளியில் இருந்தே கேமராவில் பார்த்துவிட முடியாதா டாக்டர்?” முடியாதம்மா. இந்த ஒளி திசுவுக்குள் 1 சென்டிமீட்டருக்கு மேல் உருப்படியாகத் திரும்பி வராது. ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவில் பனிமூட்டத்தில் ஹைபீம் போட்டுப் பாருங்கள், வெளிச்சம் நம் கண்ணுக்கேதான் திரும்பும். கேமராவின் உணர்திறனை ஏற்றினாலும் அப்படித்தான், சுற்றியிருக்கிற மூட்டமும் சேர்ந்து பிரகாசமாகும். ஆழத்தில் இருக்கிறதைத் தேட ஸ்கேன் வேண்டும். திறந்து கொழுப்பை விலக்கிய பிறகுதான் இந்தக் கேமராவுக்கு வேலை.