மாசிப் பனியில் திருப்புடைமருதூர்: குட்டி டிரெய்லரோடு ஒரு வார இறுதி

வணக்கம் மக்களே. பின்னால் தெரிகிறதே வெள்ளைப் பெட்டி, அதுதான் எங்க டிரெய்லர், காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போகிறது. ரெண்டு பேர் படுக்கலாம், பின்கதவைத் தூக்கினால் அடுப்படி, அவ்வளவுதான். நானும் என் வீட்டுக்காரரும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாளையங்கோட்டையில் கிளம்பினோம். சேரன்மகாதேவி, வீரவநல்லூர் வழியாக வந்து, திருப்புடைமருதூர் பக்கம் பெரியப்பா தோப்பில் வண்டியைப் போட்டிருக்கிறோம்.

"மாசியில் போய் என்னத்தைப் பார்க்கப் போறீங்க?" என்று எல்லாரும் கேட்டார்கள். ஆனி, ஆடிச் சாரலில் குற்றாலம் பக்கம் காரை நிறுத்தவே இடம் கிடைக்காது. டிரெய்லரோடு போனால் திருப்பக்கூட முடியாது. இப்போது ரோடு காலி. பிசான நெல் அறுப்பு நடக்கிறதால் வைக்கோல் ஏற்றிய வண்டிகள்தான் எதிரே வரும், அதற்கு ஒதுங்கி வழிவிட்டால் போதும்.

வண்டி வந்து நின்றதும் பெரியப்பா சொன்ன முதல் வார்த்தை, "ஏளா, ஆத்தங்கரை மருத மரத்துப் பக்கம் போட்டுராதே, கூடு கட்டியிருக்கு." அங்கே போய்ப் பாருங்கள், கொக்கும் நாரையுமாக மரமே வெளுத்துக் கிடக்கிறது. கடனா நதி தாமிரபரணியில் வந்து சேருகிற இடம் இது. ஊர்க்காரர்கள் காலங்காலமாகக் காத்து வந்ததைத்தான் 2005-ல் பறவைகள் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். நமக்கு இது ஆஃப் சீசன். அதுகளுக்கு இதுதான் சீசன், குஞ்சுக்கு இரை ஊட்டுகிற நேரம். அதனால் ஸ்பீக்கர் கிடையாது, ஆற்றுப் பக்கம் டார்ச் அடிப்பது கிடையாது. இதில் நான் ரொம்பக் கண்டிப்பு.

சரி, தோப்பில் எங்கே நிறுத்துவது? தென்னைக்கு அடியில் கூடவே கூடாது, ஒரு நெற்று விழுந்தால் கூரை போச்சு. மா இப்போது பூத்திருக்கிறது, அடியில் நிறுத்தினால் பிசுபிசுவென்று பிசின் மாதிரி ஒட்டும். வேப்ப மரம்தான் நல்லது. முதலில் குறுக்குவாட்டில் ரசமட்டம் வைத்துப் பார்த்து, தாழ்ந்த சக்கரத்துக்குப் பலகை கொடுங்கள். அப்புறம் ரெண்டு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்துவிட்டுத்தான் கொக்கியைக் கழற்ற வேண்டும். முன்பின் மட்டத்தை டிரெய்லர் மூக்கில் இருக்கிற சின்ன முன்சக்கரத்தை ஏற்றி இறக்கிச் சரிசெய்துகொள்ளலாம்.

நிறையப் பேர் கேட்கிற கேள்வி, ஓடும்போது டிரெய்லர் வால் மாதிரி ஆடாதா என்று. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் உட்கார வேண்டும். பின்பக்கம் கனத்தால்தான் ஆடும். நாங்கள் தண்ணீர் கேனைச் சக்கர அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் வைத்துக் கட்டிவிடுவோம். ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டீயரிங்கை அடிப்பக்கம் பிடியுங்கள். கை எந்தப் பக்கம் போகிறதோ, டிரெய்லரும் அந்தப் பக்கம் போகும்.

ராத்திரி குளிர் இருக்கிறதே! மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள், இந்தத் தகரக் கூரை எம்மாத்திரம். அதற்காக எல்லாவற்றையும் இறுக்கி மூடிவிடாதீர்கள். ரெண்டு பேர் மூச்சு விட்டால் விடிவதற்குள் உள்சுவரில் தண்ணீர் கோத்து, கண்ணாடி வழியாக இறங்கி, மெத்தை ஓரம் நனைந்துவிடும். கூரை ஜன்னலை இரண்டு விரல் கனத்துக்குத் திறந்து, எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னலையும் லேசாகத் திறந்து வையுங்கள். போர்வையை ஒன்று கூட்டிக்கொள்ளலாம். குளிருக்காக அடுப்பை உள்ளே பற்றவைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம், மூடிய இடத்தில் அந்தப் புகை உயிரை எடுத்துவிடும்.

காலையில் வெளியே அடுப்பு வைத்து, சுடச்சுட இட்லி, மிளகாய்ப்பொடி. அப்புறம் நாறும்பூநாதர் கோயில். கோபுரத்துக்குள் மாடிமாடியாகச் சுவரோவியமும் மரச்சிற்பமும் இருக்கின்றன. வெளியிலிருந்து கும்பிட்டுவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள்.

ஆற்றில் குளிக்கலாம், ஆனால் சோப்பு, ஷாம்பு வேண்டாம். இந்தத் தண்ணீரைத்தான் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிக்கின்றன. பாத்திரம் கழுவின தண்ணீரை வாளியில் பிடித்துத் தென்னைக்கு ஊற்றிவிட்டோம்.

இன்னொன்று, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் நினைத்த இடத்தில் டிரெய்லரை நிறுத்தித் தங்க முடியாது. தெரிந்தவர்கள் தோப்பாகப் பாருங்கள், கேட்டுக்கொண்டு போடுங்கள்.

அடுத்து பங்குனியில் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் போகலாம் என்று இருக்கிறோம். குளத்தை விட்டுத் தள்ளி, நாங்குநேரிப் பக்கம் வண்டி போட யாராவது தோப்பு வைத்திருந்தால் கீழே எழுதுங்கள்.