விளக்குக்கரியும் வாழைக்குருத்தும்

அவையோருக்கு வணக்கம்.

நோயாலோ முதுமையாலோ வீட்டுக்குள் தனித்திருப்பவரிடம் "ஓய்வெடுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். கை சும்மா கிடந்தால் மனம் ஓயுமா? கையிலிருந்தே தொடங்குவோம்: வீட்டிலேயே மை செய்து, தினமும் ஒரு படம் வரைவோம்.

நம் குமரி மாவட்டத்தில், தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனையில் சுவரோவியங்கள் உண்டல்லவா? அந்த மரபில் கறுப்புக்கு விளக்குக்கரி, அதைப் பிடித்துவைக்க வேப்பம்பிசின். இரண்டும் நம் வீட்டுக்கு எட்டாதவை அல்ல.

சுண்டைக்காய் அளவு பிசினை இரண்டு தேக்கரண்டி தண்ணீரில் இரவே ஊறப்போட்டு, காலையில் துணியில் வடிகட்டுங்கள். அகலில் நல்லெண்ணெய், தடித்த பருத்தித்திரி. கண்மை எடுப்பது போலத்தான், சுடருக்கு மேல் ஒரு தட்டைக் கவிழ்த்துக் கரி பிடிக்க வேண்டும். சுடரின் நுனி தட்டை உரசினால் போதும். தட்டு சுடரை அமுக்கினால் எரியாத எண்ணெயும் கரியோடு சேரும். அந்த மை காயவே காயாது. ஜன்னல் திறந்திருக்கட்டும், ஆனால் காற்று விளக்கில் நேரே வீச வேண்டாம்.

சுரண்டிய கரியை நேராகத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். பிசின்நீரைச் சொட்டுச்சொட்டாக விட்டு, கரண்டியின் பின்புறத்தால் தேயுங்கள். பிசின் குறைந்தால் காய்ந்தபின் கரி விரலில் ஒட்டும்; மிகுந்தால் பளபளத்து வெடிக்கும். இரண்டு நாளில் பிசின்நீர் புளித்துவிடும், கொஞ்சமாகவே செய்யுங்கள். தூரிகைக்கு ஈர்க்குச்சியின் முனையை நசுக்கிக்கொள்ளலாம்.

எதை வரைவது? முதல்நாளே தோட்டம் முழுவதையும் வரைய உட்கார்ந்தவர்கள் மறுநாள் உட்காருவதில்லை. ஜன்னலுக்கு வெளியே தெரியும் ஒரு வாழை போதும். மட்டி வாழையானால் இன்னும் நல்லது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம்மூர்க்காரர்! தினமும் ஒரே நேரம், 20 நிமிடம், நடுக்குருத்து மட்டும். வெயில்காலத்தில் வாரம் பத்து நாளுக்குள் ஒரு புது இலை வந்துவிடும். சுருள் மேலிருந்து தளரும். தனித்திருப்பவருக்கு நேற்றும் இன்றும் ஒன்றாகிவிடுவதுதான் பெரிய பாரம். குருத்து அப்படி விடாது, தினமும் கொஞ்சம் மாறியிருக்கும்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று இலையைக் கிழிக்கும். பலர் அந்தக் கிழிசலை மனம்போன போக்கில் சாய்த்து வரைகிறார்கள். நரம்புகள் நடுத்தண்டிலிருந்து ஏறக்குறையக் குறுக்காக ஓடுகின்றன. கிழிசலும் நரம்போடுதான் போகும்.

படம் கோணலானாலும் தாளைக் கிழிக்க வேண்டாம். தேதி போட்டு வையுங்கள். எட்டாம் நாள் இலைக்குப் பக்கத்தில் முதல்நாள் சுருளை வைத்துப் பார்க்க அது வேண்டும்.