குரோட்டஃபெண்ட்: ஆப்பெழுத்தைத் திறந்த பள்ளி ஆசிரியர்

வணக்கம் மக்களே. ஸ்கிரீன்ல ரெண்டு கல்வெட்டு தெரியுதா? ஆப்பு மாதிரி கோடுகளால ஆன எழுத்து, அதனாலதான் பேரு ஆப்பெழுத்து. ஈரான்ல பெர்செபோலிஸ் அரண்மனையில இருக்கறது. கார்ஸ்டன் நீபூர்ங்கற பயணி 1765-ல அங்கேயே தங்கி வரைஞ்சு எடுத்து, 1778-ல அச்சுல கொண்டுவந்தாரு. மேல இருக்கறதுக்கு 'பி', கீழ இருக்கறதுக்கு 'ஜி'ன்னு அவரே பேர் வச்சாரு. அப்போ இதுல ஒரு எழுத்தைக்கூட வாசிக்க உலகத்துல ஆள் இல்ல.

1802-ல இதை வாசிச்சவருக்கு வயசு 27. கியோர்க் ஃபிரீட்ரிக் குரோட்டஃபெண்ட். ஜெர்மனியில கோட்டிங்கன்ல பள்ளி ஆசிரியர். கிரேக்கமும் லத்தீனும்தான் அவர் தொழில், கீழை மொழிகள் அவர் துறையே இல்ல. நூலகத்துல வேலை பார்த்த ஃபியோரில்லோங்கற நண்பர்கிட்ட பந்தயம் கட்டி இறங்கினாரு. "யூகிச்சாரு, மாட்டிச்சு"ன்னு இந்தக் கதையை முடிச்சிடறாங்க. எனக்கு அதுல சம்மதமே இல்ல. வாங்க, அவர் போன வழியிலேயே போவோம்.

முதல்ல, கைக்கு வந்து சேர்ந்திருந்தது என்ன? ஒரே சேதி மூணு வகை ஆப்பெழுத்துல இருக்குன்னு நீபூர் பிரிச்சிருந்தாரு. அதுல எளிசான வகையில 42 குறின்னு எண்ணியும் வச்சிருந்தாரு. சாய்ஞ்சு நிக்கற இந்த ஒத்தை ஆப்பு இருக்கே, இது சொல்லைப் பிரிக்கற குறின்னு ரோஸ்டாக்ல இருந்த டிக்சன்ங்கற அறிஞர் 1798-ல கண்டுபிடிச்சாரு. திரும்பத் திரும்ப வர்ற ஏழு குறிச் சொல் 'அரசன்'னு இருக்கலாம்னு டென்மார்க்ல முன்டர் சந்தேகப்பட்டாரு. பிற்காலத்துல ஈரானை ஆண்ட சாசானிய அரசர்களோட கல்வெட்டு எப்படி ஓடும்னு பாரிஸ்ல த சாசி வாசிச்சுக் காட்டியிருந்தாரு: இன்னார், பேரரசர், அரசர்களுக்கு அரசர், இன்னாருடைய மகன்.

குரோட்டஃபெண்ட் அந்த வாய்ப்பாட்டை இதுமேல வச்சுப் பார்த்தாரு. இப்போ 'பி'யோட முதல் சொல்லைப் பாருங்க, அது ஒரு பேர். அதே பேர் 'ஜி'யோட நடுவுல வருது, ஆனா ஒரு குறி கூடுதலா. இங்கதான் நிறையப் பேர் தடுக்கி விழுவாங்க, அச்சு அசலா அதே வடிவத்தைத் தேடுவாங்க. 'ராமன்' 'ராமனுடைய'ன்னு மாறற மாதிரி, 'மகன்'ங்கற சொல்லுக்கு முன்னாடி அப்பா பேர் வேற்றுமை ஏத்துக்கும். தினமும் பசங்களுக்கு லத்தீன் வேற்றுமை நடத்தற வாத்தியாருக்கு அது ஒரு தடையே இல்ல.

அப்போ 'பி'யோட ஆள், 'ஜி'யோட ஆளுக்கு அப்பா. 'ஜி'ல அப்பா பேருக்குப் பின்னாடி 'அரசன்' வருது. 'பி'லயும் ஒரு அப்பா பேர் இருக்கு, ஆனா அதுக்குப் பின்னாடி 'அரசன்' இல்ல! தாத்தா அரசன் இல்ல, மகன் அரசன், பேரன் அரசன். இந்த வெத்திடம்தான் சாவி. கிரேக்க வரலாறு படிச்சவருக்கு பழைய பாரசீக அரச குடும்பத்து ஆட்கள் தெரியும்ல? சைரஸ், கேம்பைசஸ் ரெண்டும் கிரேக்கத்துல ஒரே 'க்' எழுத்துல தொடங்கற பேர், கல்வெட்டுல முதல் குறிகள் வேற வேற, அதனால அவங்க இல்ல. சைரஸ் பேர் இந்த இடத்துக்கு ரொம்பக் குட்டை, அர்த்தசெர்க்சஸ் ரொம்ப நீளம். மிச்சம் ஹிஸ்டாஸ்பஸ், அவர் மகன் டேரியஸ், பேரன் செர்க்சஸ். ஹிஸ்டாஸ்பஸ் அரியணை ஏறாதவர். கச்சிதமாப் பொருந்துது.

இப்போ இந்தத் தாளைக் கிட்டக்கக் காட்டறேன். டேரியஸ் பேர்ல ஏழு குறி. இன்னிக்கு நாம வாசிக்கறது: த, ஆ, ர, ய, வ, உ, ஷ. அவர் வாசிச்சது: த், ஆ, ர், ஹ், எ, உ, ஷ். நாலாவதும் அஞ்சாவதும் தப்பு. செர்க்சஸ் பேர்லயும் அந்த 'ய' குறி வருது, அங்கயும் 'ஹ்'ன்னே வாசிச்சாரு. ஏன் தப்பினாரு? இதை கிரேக்கம் மாதிரி தனித்தனி எழுத்துன்னு நினைச்சுட்டாரு. நிஜத்துல இந்த எளிசான வகை, அதாவது பழைய பாரசீக மொழியோட எழுத்துல, 36 அடிப்படைக் குறிதான், அதுல 3 உயிர், மிச்சம் 33-ம் உயிர்மெய். நாம 'ர'ன்னு எழுதினா 'அ' உள்ளேயே இருக்குல்ல, அதே மாதிரி. ஹிஸ்டாஸ்பஸ்ல வேற மாதிரி சறுக்கல். அசல்ல விஷ்தாஸ்ப. பிற்காலப் பாரசீக வடிவமான குஷ்தாஸ்பை நம்பி, 'கோஷ்தாஸ்ப்'னு வாசிச்சாரு. முதல் ரெண்டு குறி தப்பு, மிச்ச அஞ்சும் சரி. மூணு பேர்லேருந்து மட்டும் 9 குறி சரியா விழுந்துச்சு. 'அரசன்'ங்கற சொல்லும் செர்க்சஸ் பேரும் ஒரே ரெண்டு குறியில தொடங்குது பாருங்க, அதுவும் அவருக்குப் பலமா நின்னுது.

1802 செப்டம்பர் 4-ம் தேதி கோட்டிங்கன் அறிவியல் கழகத்துல இதை வச்சாங்க. கழகம் கட்டுரையை முழுசா அச்சிடல. தாமஸ் டிக்சன் (முன்னாடி சொன்ன டிக்சன் இல்ல, இவர் வேற ஆள்) எழுதின சுருக்கம் மட்டும் வந்துச்சு. குரோட்டஃபெண்டோட விளக்கம் 1805-ல, வரலாற்றாசிரியர் ஹீரனோட நூலுக்குப் பின்னிணைப்பா வெளியாச்சு. ஒரு பெரிய கண்டுபிடிப்பு இன்னொருத்தர் புத்தகத்தோட வாலா வந்ததை நினைச்சா இப்பவும் மனசு ஆறல.

அவர் பள்ளியை விடல. 1803-ல ஃபிராங்க்ஃபர்ட் பள்ளிக்குப் போனாரு. 1821-லேருந்து 1849 வரைக்கும் ஹனோவர் லைசியத்தோட தலைமை ஆசிரியர், 28 வருஷம். வெங்க் எழுதின லத்தீன் இலக்கணத்தைத் திருத்தி ரெண்டு பாகமா 1823-24-ல கொண்டுவந்தாரு. லத்தீனோட பழைய உறவு மொழிகளான உம்பிரியன் பத்தி 1835-38-ல, ஆஸ்கன் பத்தி 1839-ல எழுதினாரு.

ஆப்பெழுத்துல மிச்ச வேலையை மத்தவங்க செஞ்சாங்க. 'அரசர்களுடைய'ங்கற சொல்லோட கடைசியில இருக்கறது 'ஆனாம்'னு 1826-ல ராஸ்க் காட்டினாரு, அதுலேருந்து 'ன', 'ம' ரெண்டும் கிடைச்சுது. 1836-ல பூர்னுஃபும் லாசனும் உயிர்மெய்ச் சிக்கலை அவிழ்க்க ஆரம்பிச்சாங்க. நடுவுல 1820-கள்ல, பாரிஸ்ல இருந்த ஒரு கல் குடுவையில ஆப்பெழுத்தோட எகிப்து எழுத்தும் இருந்துச்சு. ஷாம்போலியன் எகிப்து எழுத்தை வாசிச்சா, அதே செர்க்சஸ்!

குரோட்டஃபெண்ட் 1853 டிசம்பர் 15-ல ஹனோவர்ல காலமானாரு. 1802-ல எழுதின அந்த மூலக் கட்டுரை அச்சுக்கு வந்தது 1893-ல.