டூட்டி முடிஞ்ச பிறகும் ஓடுற மனசு

நேயர்களுக்கு வணக்கம். நான் 31 வருஷம் நர்ஸா வார்டுல நின்னவ. இப்போ ரிட்டயர் ஆயாச்சு. இருந்தாலும், பாளையங்கோட்டை பஸ்ஸ்டாண்டுல ஒரு சிஸ்டர் பிள்ளை ஜன்னல்ல தலையைச் சாய்ச்சுக் கண்ணை மூடியிருந்தா, தூங்குதாளா, இல்ல ராத்திரி நடந்ததையே உள்ளுக்குள்ள ஓட்டிப் பாக்குதாளான்னு பாக்கத் தோணும்.

ஒரு தை மாசம், நைட் டூட்டி. 40 படுக்கைக்கு நாங்க ரெண்டே பேரு. கூட இருந்தது அம்பாசமுத்திரம் பக்கத்துப் பிள்ளை, வேலைக்குப் புதுசு. ஒரு தாத்தாவுக்குக் குளுக்கோஸ் ஏறின கை புசுபுசுன்னு வீங்கிட்டு. நரம்பை விட்டு வெளிய இறங்கியிருக்கு. வயசானவங்களுக்கு நடக்கிறதுதான். மகன் வந்து, "ஏட்டி, நீயெல்லாம் படிச்சுத்தான் வந்தியா?"ன்னு வார்டே முழிக்கிற மாதிரி சத்தம் போட்டார். இவ முகம் மாறாம, "மாத்திப் போடுதேன் அண்ணாச்சி"ன்னு சிரிச்சா. அடுத்த கையில போட்டும் முடிச்சிட்டா.

கொஞ்ச நேரம் கழிச்சு என்கிட்ட வந்து நிக்கா. "அக்கா, அவருக்கு 12 மணி ஊசி போட்டேனா இல்லையான்னு நெனவு வரல." கை நடுங்குது. சார்ட்டுல கையெழுத்து இல்ல. ட்ரேயைப் பாத்தோம், மருந்துக் குப்பி மூடி திறக்காம அப்படியே இருக்கு. நல்லவேளை.

அவ கவனக்குறைவான பிள்ளை இல்ல, நேயர்களே. சிரிச்ச முகத்தைக் காவல் காக்கிறதுக்கே மனசுல பாதி போயிட்டு. 2000-ல ரிச்சர்ட்ஸ், கிராஸ்னு ரெண்டு மனவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதிச்சுப் பாத்திருக்காங்க. உணர்ச்சியை வெளிய காட்டாம அடக்கச் சொன்னவங்களுக்கு, அந்த நேரத்துல கேட்ட விவரம் குறைவாத்தான் நினைவுல நின்னுது. அடக்கினா முகம்தான் அடங்கும். உள்ள கொதிக்கிறது கொதிச்சுக்கிட்டுத்தான் இருக்கும்.

காலையில டீக்கடையில அவ சொன்னது, "எனக்கு இந்த வேலையே தெரியலக்கா." நான் சொன்னேன், "அந்தத் தாத்தா நரம்பு அப்பளம் மாதிரிட்டி. இன்னும் ரெண்டு தடவை போய்ப் பாத்திருக்கணும், அவ்வளவுதான்." கவனிங்க, தப்பை நான் மறைக்கல. ஆனா தப்பு அந்தக் கையோட நிக்குது, அவ மேல முழுசா ஏறல. 'எல்லாம் நல்லதுக்கே'ன்னு சொல்லித் தேத்துறது வேற, இது வேற. இதைத்தான் நான் எல்லா இடத்திலயும் திரும்பத் திரும்பச் சொல்லுதேன், எங்க வீட்டுல சலிச்சே போச்சு.

தன்னையே குத்தம் சொல்றது, நடந்ததையே அசைபோடுறது, இதுதான் கடைசி, இனி அவ்வளவுதான்னு பெருசாக்குறது. இந்த மூணும் அதிகமா இருக்கிற நர்ஸுகளுக்கு வேலை அழுத்தமும் அதிகம். களைப்பு அந்த நெனப்பைக் கொண்டுவருதா, நெனப்பு களைப்பைக் கொண்டுவருதான்னா, ரெண்டும்தான், நான் பாத்தவரைக்கும். மனசு விட்டுப் பேசுறது நல்லதுதான். ஆனா ஒரே கதையை நாலு பேர்கிட்ட நாலு தடவை சொன்னா அதுவும் அசைபோடுறதுதான்.

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுறாங்க, நேரம் ஆயிட்டு. முக்கியமானதை இப்பத்தான் சொல்ல வந்தேன். 40 படுக்கைக்கு ரெண்டு பேரை நிறுத்திட்டு, 'நீ மனசைச் சரிபண்ணிக்கோ'ன்னு சொல்றது நியாயமே இல்ல. உலக சுகாதார நிறுவனமும் 2019-ல, வேலையில ஆளே தேஞ்சுபோற இந்த நிலையை வேலையிடத்துல சரியாக் கையாளாத அழுத்தத்தோடதான் சேர்த்துச் சொல்லியிருக்கு. ஆள் எண்ணிக்கை, டூட்டி பட்டியல், லீவு, எல்லாம் பேச வேண்டியது. அந்த அண்ணாச்சி மறுவாரம் ஒரு பை பனங்கிழங்கோட வந்து நின்ன கதையும் பாக்கி. இன்னொரு நாள் கூப்பிட்டா சொல்லுதேன். வணக்கம்.