புறநோயாளியின் மருந்துப் பையைத் திறந்து பார்ப்பவர் யார்?

[காட்சி: உதகமண்டலம். காலை நேரப் புறநோயாளிப் பிரிவு.]

குரல்: படுக்கையில் இருக்கும் நோயாளிக்குச் செவிலியர் நேரம் பார்த்து மருந்து கொடுக்கிறார். புறநோயாளியோ சீட்டும் மாத்திரைகளுமாகப் பேருந்து ஏறிவிட்டால், அடுத்த முறை வரும்வரை எல்லாவற்றையும் தாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். பந்தலூரிலிருந்தோ மஞ்சூரிலிருந்தோ வரும் தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு, ஒரு சந்தேகம் கேட்க மறுபடி வருவதென்றால் ஒரு நாள் கூலி போய்விடும்.

இவர்களில் சிலருக்கு ஆபத்து அதிகம். பல மருந்துகளை ஒன்றாகச் சாப்பிடும் முதியவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், பெரிய மருத்துவமனையிலிருந்து அண்மையில் வீடு திரும்பியவர்கள், அளவு சற்றே பிசகினாலும் தீங்கு செய்யும் வார்ஃபரின் (ரத்தம் உறையாமலிருக்க), இன்சுலின், டிகாக்ஸின் (இதயத்துக்கு) போன்ற மருந்துகளில் இருப்பவர்கள் ஆகியோர் அவர்கள். மருந்தால் வரும் தீங்கைக் குறைக்க உலக சுகாதார நிறுவனம் 2017-இல் தொடங்கிய முயற்சியும் இத்தகைய நிலைமைகளையே முன்னிறுத்தியது.

[காட்சி: மேசைமேல் ஒரு மஞ்சப்பை. மாத்திரை அட்டைகள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன.]

குரல்: கோவையில் இதய வால்வு மாற்று அறுவை முடிந்து ஊர் திரும்பிய ஒரு பெண்மணியை எடுத்துக்கொள்வோம். ரத்தம் உறையாமலிருக்க அங்கே எழுதிக் கொடுத்த வார்ஃபரின் ஒரு நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. இங்கே வாங்கியது வேறு பெயரில் இருக்கிறது. இரண்டும் ஒரே மருந்து என்பது தெரியாமல் இரண்டையும் சாப்பிட்டால் ரத்தக்கசிவு ஏற்படலாம். சரிவில் இலை பறித்து வலிக்கும் முழங்காலுக்குக் கடையில் வாங்கிய டைக்ளோஃபெனாக்கும், வயிற்றுப்போக்குக்குக் கொடுத்த மெட்ரோனிடசோலும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடுகிறது. கீரையையும் முட்டைக்கோஸையும் அவர் அறவே நிறுத்த வேண்டியதில்லை. வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிட்டு, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையைத் தவறாமல் செய்துகொண்டால் போதும்.

இவை சீட்டைப் பார்த்தால் தெரியாது, பையைத் திறந்தால்தான் தெரியும். “இந்த மாத்திரையை எப்படிம்மா சாப்பிடுறீங்க, எடுத்துக் காட்டுங்க” என்று உட்கார்ந்து கேட்பவரே கிளினிக்கல் மருந்தாளுநர். நீண்ட வரிசைக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும் ஜன்னலில் இந்தப் பேச்சை எதிர்பார்ப்பது நியாயமில்லை. அதற்குத் தனி இடமும் நேரமும் ஒதுக்கியே ஆக வேண்டும். மருந்தின் அளவை அவர் தாமாக மாற்றுவதில்லை. கண்டதைக் குறித்து மருத்துவரிடம் சொல்கிறார், முடிவு மருத்துவருடையது.

[காட்சி: சிவப்பு மூடியும் ஆரஞ்சு மூடியும் கொண்ட இரண்டு ஊசிகள்.]

குரல்: இன்சுலினைச் சொல்லிக் கொடுப்பதோடு நிறுத்தக் கூடாது, நோயாளியைச் செய்துகாட்டச் சொல்ல வேண்டும். மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ள குப்பிக்குச் சிவப்பு மூடி ஊசி. 100 யூனிட் உள்ளதற்கு ஆரஞ்சு மூடி. 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி ஊசியில் 20 என்ற கோடு வரை எடுத்தால், உடலுக்குள் போவது 8 யூனிட் மட்டுமே. சமவெளியில் இன்சுலினுக்கு வெயில் பகை என்றால், மலையில் மார்கழி, தை மாத உறைபனியும் பகை. ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகிய பிறகு பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பயன்படாது. மூட்டுவாதத்துக்கான மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறை மட்டுமே சாப்பிட வேண்டியது. தினமும் சாப்பிட்டால் உயிரையே பறிக்கக்கூடும் என்பதால், அது எந்தக் கிழமை என்பதைச் சீட்டில் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இந்தப் பணிக்கான ஆட்களை நீலகிரி வெளியே தேட வேண்டியதில்லை. மருந்தாளுநரை நோயாளியின் பக்கத்துக்குக் கொண்டுவரும் முதுநிலைப் படிப்பை 1990-களிலேயே தொடங்கிய கல்லூரிகளில் ஒன்று ஊட்டியில் இருக்கிறது. இதே பணிக்குப் பயிற்றும் ஆறு ஆண்டு ஃபார்ம்.டி. (டாக்டர் ஆஃப் ஃபார்மசி) படிப்பு 2008-இல் நாட்டில் அறிமுகமானது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. வாசலில் தன்னார்வலர் காணும் மீந்த மாத்திரைகளும் கேட்கும் தலைசுற்றல் புகாரும் கிளினிக்கல் மருந்தாளுநருக்குத் திரும்பி வருமானால், அந்தத் திட்டத்தின் பயன் இன்னும் பெருகும்.

மருந்தால் ஏதேனும் தொல்லை நேர்ந்ததாகத் தோன்றினால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். பிறகு இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண்ணான 1800-180-3024-இல் நோயாளியோ வீட்டாரோ நேரடியாகவே தெரிவிக்கலாம். பேசும்போது மாத்திரை அட்டையைக் கையில் வைத்திருங்கள்.