பசுவின் காதில் ஒரு தோடு: போலந்து விவசாயம் ஐரோப்பியச் சந்தைக்குள் நுழைந்த கதை

[திரையில்: ஒரு கறவை மாட்டின் முகம், மிக நெருக்கத்தில்]

வணக்கம். இந்தப் பசுவின் காதுகளைப் பாருங்கள். இரண்டிலும் மஞ்சள் வில்லை, இரண்டிலும் ஒரே எண். போலந்து விவசாயிகள் இதைக் 'கொல்சிக்' என்கிறார்கள். பெண்கள் போடும் தோட்டுக்கும் அவர்கள் மொழியில் அதே சொல்தான். 2004 மே 1 அன்று போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. மாட்டுக் கொட்டகைக்குள் ஒன்றியம் இந்தத் தோட்டின் வழியாக வந்தது.

எதற்கு இந்தத் தோடு? பொதுச் சந்தைக்குள் எல்லைச் சோதனை கிடையாது. போலந்துப் பால் ஜெர்மனிக்குப் போனால் வழியில் நிறுத்திப் பார்க்க ஆள் இல்லை. அப்படியானால் சோதனை எங்கே நடக்கும்? பால் கறக்கிற இடத்தில். எந்த மாடு, எந்தப் பண்ணையில் பிறந்தது, யாருக்கு விற்றார்கள் என்று எல்லாமே பதிவேட்டில் இருக்க வேண்டும்.

[திரையில்: சாலையோரம் வரிசையாகப் பால் கேன்கள்]

பாலுக்கும் கணக்கு உண்டு. ஒரு மில்லிலிட்டர் பச்சைப் பாலில் 1 லட்சம் பாக்டீரியாவுக்கு மேல் இருக்கக் கூடாது. தினமும் வண்டி வந்து எடுத்தால் 8 டிகிரிக்குள், ஒரு நாள் விட்டு எடுத்தால் 6 டிகிரிக்குள் பாலைக் குளிரவைக்க வேண்டும். கறந்த பாலைக் கேனில் ஊற்றி, கிணற்றுத் தண்ணீரில் இறக்கிவைத்து, காலையில் ரோட்டோரம் கொண்டுவந்து வைக்கிற பழக்கம் இதற்குத் தாங்காது. மின்சாரத்தில் ஓடும் குளிர்விப்புத் தொட்டி வேண்டும்.

சரி, இருபது மாடு வைத்திருப்பவர் கடன் வாங்கியாவது அதைப் போட்டுவிடுவார். மூன்று மாடு வைத்திருப்பவர்? அப்போது போலந்தில் சராசரிப் பண்ணை 8 ஹெக்டேர், அதாவது 20 ஏக்கர்தான். தெற்கே அதிலும் சின்னது, துண்டு துண்டான நிலம். 2004-இல் பால் ஆலைகளுக்குப் பால் ஊற்றியவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். 2015-இல் அதில் பாதிப் பேர்கூட இல்லை. ஆனாலும் விற்பனைக்குப் போன பால் கூடியது. இதை வெற்றி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. விற்கப்பட்ட அந்த மூன்று மாடுகளோடு ஒரு குடும்பத்தின் மாதாமாத வருமானமும் போனது.

[திரையில்: யூரோ நோட்டுகள், 100-க்கு 25]

அப்புறம் பணம். ஒன்றியம் தன் விவசாயிகளுக்கு நேரடி உதவித்தொகை கொடுக்கிறது. புதிதாகச் சேர்ந்த நாடுகளுக்கு அதை முழுசாகத் தரவில்லை. 2004-இல் 25 சதவீதம், அடுத்த ஆண்டு 30, பிறகு 35, 40, அதன்பின் ஆண்டுக்குப் பத்துப் பத்தாகக் கூட்டி 2013-இல்தான் 100. ஒரே சந்தை, ஒரே தர விதி, கால்வாசி உதவி! 2002 டிசம்பரில், சேர்க்கை நிபந்தனைகளை முடிவுசெய்த கோபன்ஹேகன் உச்சி மாநாட்டின் கடைசி நேரம் வரை போலந்துப் பிரதமர் லெஷெக் மில்லர் இதற்காக மல்லுக்கட்டினார். சொந்த நிதியிலிருந்தும் கிராமவளர்ச்சிப் பணத்திலிருந்தும் எடுத்து, முதல் ஆண்டில் 55 சதவீதம் வரை கொடுத்துக்கொள்ளலாம் என்பது அவருக்குக் கிடைத்தது.

பழைய உறுப்பினர்கள் ஒரு காரணம் சொன்னார்கள். 1992-இல் விளைபொருள் விலையைக் குறைத்ததற்கு ஈடாகத்தான் இந்தத் தொகை வந்தது, போலந்து அந்த நஷ்டத்தைப் படவில்லையே என்றார்கள். கணக்கு சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் 2004-க்குப் பிறகு ஒரே கடை அலமாரியில் பிரெஞ்சு வெண்ணெயும் போலந்து வெண்ணெயும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது அந்தப் பழைய கணக்கு எப்படிப் பொருந்தும்? அது நியாயமில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

போலந்து வேறு ஒன்றையும் கேட்டு வாங்கியது. வெளிநாட்டவர் விளைநிலம் வாங்க 12 ஆண்டு கட்டுப்பாடு. வசதியான ஜெர்மானியர்கள் வந்து நிலத்தை அள்ளிவிடுவார்கள் என்ற பயம் மேற்கு மாவட்டங்களில் அவ்வளவு இருந்தது.

[திரையில்: குரூயெட்ஸ் ஆப்பிள் தோட்டங்கள்]

இன்று வார்சாவுக்குத் தெற்கே குரூயெட்ஸ் வட்டாரம் முழுக்க ஆப்பிள். ஒன்றியத்திலேயே அதிகம் ஆப்பிள் விளைவிப்பது போலந்து. 2004-இல் ஏறக்குறைய 5 பில்லியன் யூரோவாக இருந்த உணவு, விவசாய ஏற்றுமதி 2023-இல் 50 பில்லியனைத் தாண்டியது. 2014-இல் ரஷ்யா போலந்துப் பழங்களைத் தடுத்தபோது தோட்டக்காரர்கள் ஆடிப்போனார்கள். ஆனாலும் விற்க வேறு சந்தை இருந்தது.

[திரையில்: உக்ரைன் எல்லை, டிராக்டர்கள்]

இப்போது வாசலில் நிற்பது உக்ரைன். 2022 ஜூனில், ஒன்றியத்தில் சேரக் காத்திருக்கும் வேட்பாளர் நாடானது. அங்கே ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் நடக்கும் பண்ணைகள் உண்டு. மலிவான உக்ரைன் தானியம் உள்ளே வந்ததும் விலை சரிந்தது. 2023 ஏப்ரலில் போலந்து இறக்குமதியைத் தடுத்தது. 2024 தொடக்கத்தில் போலந்து விவசாயிகள் டிராக்டர்களைக் குறுக்கே நிறுத்தி எல்லைச் சாலைகளை மறித்தார்கள். ஒன்றியத்தில் சேர்வதற்கான பேச்சுவார்த்தை துறைவாரியாக அத்தியாயங்களாக நடக்கும்; உக்ரைனுடனான பேச்சில் விவசாயம் 11-ஆம் அத்தியாயம். அந்தப் பேச்சில் போலந்து உட்காரப்போவது, 2002-இல் மில்லருக்கு எதிரே இருந்தவர்களின் நாற்காலிகளில்.