பேலம் குகைக்குக் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு

நேயர்களுக்கு வணக்கம். சென்னையில் பழைய வீடுகளில் சமையல் மேடை, அலமாரித் தட்டு எல்லாம் கருப்பாக, தொட்டால் சில்லென்று இருக்கும் கடப்பா கல்லில்தான் போட்டிருப்பார்கள். அதில் எலுமிச்சைச் சாறு சிந்தி, துடைக்காமல் விட்டுவிட்டால் வெளிறிப்போய் ஒரு திட்டு விழும், பார்த்திருப்பீர்கள். அது சுண்ணாம்புப் பாறை, புளிப்பு பட்டால் அரிக்கும். இவ்வளவு தெரிந்தாலே குகை எப்படி உண்டாகிறது என்பது பாதி புரிந்த மாதிரி. மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிவிடும். அது பாறையின் விரிசலில் புகுந்து லட்சக்கணக்கான ஆண்டுகள் அரித்துக்கொண்டே போனால் உள்ளே ஆள் நடக்கிற அளவுக்கு வழி விழுந்துவிடும்.

அந்தக் கல் வருகிற கடப்பா, கர்னூல் பக்கத்திலேயே அப்படி ஒரு குகை இருக்கிறது. ஆந்திராவில் கொலிமிகுண்ட்லாவுக்கு அருகே பேலம், இப்போது நந்தியால் மாவட்டம். நீளம் 3,229 மீட்டர், அதில் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர்தான் நமக்குத் திறந்திருக்கிறது. பூண்டிக்குப் பக்கத்தில் குடியம் குகை இருக்கிறதே, அவ்வளவு தூரம் எதற்கு என்று கேட்பீர்கள். குடியத்துக்கும் போங்கள், ஆதி மனிதர் வாழ்ந்த இடம், ஆனால் அது கூழாங்கற்கள் இறுகிய பாறையின் அடியில் ஒதுங்குகிற இடம். உள்ளே சொட்டுகிற குகை வேறு ரகம். 1863இல் நம் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்தாரே நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், அவரேதான் 1884இல் பேலம் குகையைப் பற்றியும் எழுதி வைத்தார். அதற்குப் பிறகு ஏறக்குறைய நூறு வருஷம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1982இலிருந்து 1984 வரை டேனியல் கெபாவர் தலைமையில் ஒரு ஜெர்மானியக் குழு வந்து உள்ளே புகுந்து அளந்தது. ஆந்திர சுற்றுலாத் துறை படியும் பாலமும் விளக்கும் போட்டு, காற்றுக்கு மேலிருந்து துளையும் இறக்கி, 2002இல் மக்களுக்குத் திறந்துவிட்டது.

சென்னையிலிருந்து மும்பை பாதையில் இரவு வண்டி பிடித்து, ரேணிகுண்டா, கடப்பா தாண்டி தாடிபத்திரியில் இறங்கினால் அங்கிருந்து சாலையில் முப்பது கிலோமீட்டர் சொச்சம். காலையில் குகை, இரவு வண்டியில் திரும்பிவிடலாம், ஓட்டல் அறை வேண்டாம். நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். மாமியார், தங்கை, தங்கை பிள்ளைகள் என்று ஒரு வேன் நிறைய ஆட்களோடு போனோம்.

உள்ளே இறங்கியதும் தங்கை பையன் கேட்ட முதல் கேள்வி: "பெரியம்மா, குகைன்னா ஜில்லுனு இருக்கும்னு சொன்னீங்களே?" நான் சொல்லவில்லை, அவன் படத்தில் பார்த்தது. ஆழமான குகைக்குள் வெப்பம் அந்த ஊரின் ஆண்டு சராசரியை ஒட்டித்தான் இருக்கும். ஐரோப்பாவில் அது 10 டிகிரி என்றால் ஸ்வெட்டர் போடுவார்கள். பேலம் இருக்கிற ராயலசீமாவில் சராசரியே 28ஐத் தொடும், போதாததற்கு ஈரக் காற்று, வியர்த்தால் காயாது. அதனால் பருத்தி உடை, வழுக்காத செருப்பு, ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில். ஆஸ்துமா, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் முதலில் வரும் அகலமான பகுதியோடு நிறுத்திக்கொள்ளலாம், அதுவே நல்ல காட்சிதான். குனிந்து போகிற இடங்களில் முன்னால் ஒரு கூட்டம் நின்றுவிட்டால் மூச்சு முட்டும். திறந்ததும் முதல் ஆளாகப் போய்விடுவது உத்தமம். கோடையில் வேண்டவே வேண்டாம்.

சரி, உள்ளே என்ன பார்ப்பது? சிம்மத்துவாரம், கோடிலிங்கம், ஆலமரம், ஆயிரம் படமெடுத்த நாகம் என்று ஒவ்வொரு கல் உருவத்துக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். என் மாமியார் கோடிலிங்கத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார், பிள்ளைகள் சிங்கத்துக்கு மூக்கு தேடினார்கள், எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உருவம் தேடுகிற அவசரத்தில் அந்த உருவத்தைச் செய்கிற துளியை யாரும் பார்ப்பதில்லை. கூரையிலிருந்து தொங்குகிற, ஈரமாக இருக்கிற ஒரு கல்விழுதைத் தேடிப் பிடித்து அதன் நுனியிலேயே கொஞ்ச நேரம் கண்ணை வையுங்கள். துளி திரளும், தொங்கும், விழும். தொங்குகிற அந்த நேரத்தில் அதிலிருந்து கரியமில வாயு காற்றோடு போய்விட, கரைந்திருந்த சுண்ணாம்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் நுனியில் ஒட்டிக்கொள்கிறது. மிச்சம் தரையில் விழுந்து, கீழிருந்து மேலே வளருகிற கல்முளையாகிறது. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வளர்ந்தாலே பெரிது. 1640 வாக்கில் நம் புனித ஜார்ஜ் கோட்டை எழும்பியபோது முளைவிட்ட விழுது இன்றைக்கு ஒன்றரை அங்குலம் இருக்கும். பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன், கையைத் தானாகவே பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

தொடக் கூடாது என்பதற்குக் காரணம் அதுதான். விரலில் இருக்கும் எண்ணெய் கல்லில் படிந்தால் அந்த இடத்தில் தண்ணீர் சரியாக ஒட்டாது, சுண்ணாம்பு படியாது, அழுக்குத்தான் படியும். சப்தஸ்வர குகை என்று ஒன்று இருக்கிறது, தட்டினால் விழுதுகள் உலோகம் மாதிரி ஒலிக்கும். வருகிறவர்கள் எல்லாரும் தட்டிப் பார்க்கிறார்கள், ஒருவர் சாவிக்கொத்தாலேயே தட்டினார், எனக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. விளக்கும் ஒரு தொல்லைதான்: சூரியனே எட்டாத இடத்தில் வெளிச்சம் வைத்தால் பாசி வந்துவிடும். பிரான்சில் லாஸ்கோ குகையில் ஜனங்களின் மூச்சும் வெளிச்சமும் ஆதி ஓவியங்களைக் கெடுக்கத் தொடங்கி, 1963இல் பொதுமக்களுக்கு இழுத்து மூடினார்கள். பேலத்தில் ஓவியம் இல்லை, ஆனாலும் நாம் விடுகிற மூச்சு அதே மூச்சுதானே.

கடைசியாகப் பாதாளகங்கை. குகையிலேயே ஆழமான இடம், 46 மீட்டர் கீழே, சின்ன ஓடையாக வந்து பாறைக்குள் மறைந்துவிடுகிறது. அந்தத் தண்ணீர் பேலம் ஊர்க் கிணற்றுக்குப் போகிறது என்று அங்கே நம்புகிறார்கள். அரித்த வேலையைத் தண்ணீர் இன்னும் விடவில்லை என்று நேரிலேயே காட்டுகிற இடம் அது, கால் வலித்தாலும் விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், வெளியே வந்ததும் எல்லாருக்கும் பசிக்கும், சாப்பாட்டைத் தாடிபத்திரியிலேயே வைத்துக்கொள்வது நல்லது. ரயிலுக்கு நேரம் இருந்தால் வடபெண்ணையாற்றங்கரையில் விஜயநகரக் காலத்து புக்கா ராமலிங்கேஸ்வரர் கோயில் இருக்கிறது, சிற்பத்துக்காகவே பார்க்கலாம். வண்டி நேரத்தை மட்டும் கிளம்பும் முன்னாலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள், திரும்பி வருகிற டிக்கெட்டை முதலில் எடுங்கள். வணக்கம்.